நட்டது ஐம்பது பேர், தண்ணி ஊற்றுவது யார்?

கேள்வி: அண்ணே, எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் பழைய பிரட்டுக்களத்தை (காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடம்) ஒட்டிக் கால் ஏக்கர் போல நிலம் சும்மா கிடந்தது. பொங்கலுக்கு மறுநாள் இளைஞர்கள் ஐம்பது பேர் சிரமதானம் போட்டுக் குப்பையை அள்ளி, பூக்கன்றும் மரக்கன்றும் நட்டோம், படமெல்லாம் எடுத்தோம். மூன்று மாதத்தில் பாதி காய்ந்துவிட்டது, மிச்சத்தை மாடு தின்றுவிட்டது. இப்போது கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. எங்கே பிழை விட்டோம்? (வாசகர், தலவாக்கலை)

பதில்: தம்பி, பொங்கலுக்கு மறுநாள் என்று எழுதினீர்களே, முதல் பிழை அங்கேதான். உங்கள் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலும் பனியும் காய்ந்த காற்றும். கொழுந்துக்கு நல்ல வாசம் ஏறும் காலம் அது, ஃபெக்டரியில் சந்தோசப்படுவார்கள், ஆனால் நேற்று நட்ட கன்றுக்கு அதைவிடக் கெட்ட காலம் கிடையாது. மே கடைசியில் மழை பிடித்த பிறகு நட்டால் அடுத்த ஜனவரிக்குள் வேர் இறங்கியிருக்கும். பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக்காரர்கள் இதை அப்படியே பார்த்துச் செய்யக் கூடாது, அவர்களுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று வாட்டும், ஐப்பசி மழையோடு நடுவதுதான் சரி.

அடுத்தது ஆள் விசயம். ஐம்பது பேர் வந்தது நல்லதுதான், ஆனால் ஐம்பது பேருடைய செடி என்றால் அது யாருடைய செடியும் இல்லை. நான் இருந்த தோட்டத்தில் நாங்களும் இதே கூத்தை ஆடியவர்கள்தான், அறுபது கன்று நட்டு ஒன்பது மிஞ்சியது. அந்த ஒன்பதும் பணிய லயத்து (கீழ்ப்பக்க வரிசை வீடுகள்) கடைசி வீட்டுப் பாட்டி பாத்திரம் கழுவிய தண்ணியை ஊற்றியதால் பிழைத்தவை, அவர் எந்தக் கமிட்டியிலும் இல்லை. அப்புறம் நாங்கள் செய்தது இதுதான்: இடத்தைச் சுற்றியிருந்த ஏழு வீட்டைப் பிடித்தோம், வீட்டுக்கு நாலைந்து கன்று, அவரவர் வாசலுக்கு நேரே. மற்றவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு மணித்தியாலம் மட்டும் வந்து புல் வெட்டுவது, கான் (வடிகால்) துப்புரவாக்குவது. அந்த ஞாயிறும் எந்த ஞாயிறு? சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிறு வைத்தால் பாதிப் பேர் டவுனில் இருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். இது அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) கூட விழாத வேலை. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்களிடம் பின்னேரம் வாளியைக் கொடுத்துவிட்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஆண்களாக நின்று படம் எடுத்தால் இரண்டாம் முறை யார் வருவார்கள்? தண்ணி ஊற்றுகிறவர்களிடமே கணக்குக் கொப்பியும் இருக்கட்டும்.

மாட்டுக்கு முள்வேலி போடாதீர்கள், காசும் போகும், சண்டையும் வரும். ஓரமாக இரண்டு வரிசை மாட்டுப்புல் நட்டு, மாடு வளர்ப்பவர்களிடம் “இதை நீங்களே அறுத்துக்கொள்ளுங்கள், மாட்டைக் கட்டிப் போடுங்கள், மாதம் இரண்டு கூடை எரு தாருங்கள்” என்று பேசிப் பாருங்கள். எங்களுக்குச் சரிவந்தது. ஆட்டுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.

கேள்வி: சும்மா கிடக்கும் இடத்தில் செடி நடத் துரையிடம் (தோட்ட முகாமையாளர்) கேட்டால் கம்பனிக் காணி என்கிறார். பிரதேச சபையில் கேட்டால் தோட்டத்துக்குள் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். யாரிடம்தான் போவது? (வாசகி, புசல்லாவை)

பதில்: தங்கச்சி, காணி அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, காணி குத்தகைக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஆனால் குத்தகைக்காரரும் உரிமையுள்ளவர்தான், அவரிடம் கேட்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள். பிரதேச சபை சொன்னது பழைய கதை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் செலவழிக்க அவர்களுக்குக் கை கட்டியிருந்தது உண்மை. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அடுத்த முறை போகும்போது அதைச் சொல்லுங்கள், மரியாதையாகவே சொல்லுங்கள்.

துரையிடம் வாயால் கேட்க வேண்டாம், ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த இடம், எவ்வளவு, தேயிலைச் செடி ஒன்றையும் பிடுங்க மாட்டோம், கட்டடம் கட்ட மாட்டோம், பொறுப்பு இன்னார். பிரதி ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று உங்கள் கையில், திகதியோடு. துரைமார் மாறிக்கொண்டே இருப்பார்கள், புதியவர் வந்து “யார் அனுமதி கொடுத்தது?” என்று கேட்கும் நாளில் அந்தத் தாள்தான் பேசும். போர்டு வைப்பதானால் எந்த அரசியல்வாதியின் பெயரும் வேண்டாம், தேர்தல் முடிந்ததும் போர்டோடு சேர்த்துச் செடியையும் பிடுங்குவார்கள்.

கேள்வி: லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை வெட்டிச் சமப்படுத்தினால் பிள்ளைகள் விளையாட இடம் வரும் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், ஹாலி எல)

பதில்: வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போனதை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. மேட்டின் அடியை வெட்டினால் மேலே இருப்பதைத் தாங்க ஒன்றும் இருக்காது. அதில் வெட்டிவேரோ மானாப்புல்லோ நடுங்கள், மேலிருந்து வரும் மழைத்தண்ணி மேட்டுக்குள் இறங்காமல் கானுக்குப் போக வழி செய்யுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது போஸ்ட், பீலியில் (ஊற்றுத் தண்ணி விழும் குழாய்) திடீரென்று கலங்கல் தண்ணி, இவற்றில் எதைக் கண்டாலும் செடி நடும் வேலையை விட்டுவிட்டு முதலில் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வேறு இடம் பார்ப்போம்.

கேள்வி: பழைய டயரில் பூக்கன்று வைக்கலாமா? மரத்தில் குளவி கட்டினால் என்ன செய்வது? (வாசகி, பொகவந்தலாவை)

பதில்: டயரின் உள்மடிப்பில் தண்ணி நிற்கும், டெங்கு நுளம்புக்கு அது மாளிகை. மடிப்பு வரை மண்ணை நிரப்பி அடியில் துளை போட முடியுமென்றால் வையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். குளவிக்கூட்டைப் பையன்களை விட்டுப் புகை போட வைக்காதீர்கள், கல்லெறியவும் விடாதீர்கள். கொழுந்து மலையில் குளவி கொட்டி உயிர் போனவர்களை நமக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஆள் போகாமல் கயிறு கட்டிவிட்டு ஒஃபீசுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: பொது இடத்துப் பட்டர்புருட் (அவகாடோ) மரம் காய்த்தால் யாருக்கு? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: இதை நடுவதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும் தம்பி. எங்கள் இடத்தில் முதல் பறி பிள்ளைக்காம்பராவுக்கு (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் இடம்), அடுத்தது தண்ணி ஊற்றிய ஏழு வீட்டுக்கு என்று வைத்தோம். இரவில் பறிப்பவர்களுக்கு எந்தச் சட்டமும் போடவில்லை, அவர்களில் ஒருவர் அப்போது எங்கள் பொருளாளர்.