மீன் பார்க்கக் கொளத்தூர் போதாதா, சிங்கப்பூர் எதற்கு?

கேள்வி: பெரம்பூரிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். பிள்ளைகளுக்கு 8 வயது, 5 வயது. அங்கே உள்ள பெரிய மீன் காட்சியகத்துக்கு அவ்வளவு காசு கொடுத்துப் போகலாமா? "மீன்தானே, கொளத்தூர் போய்ப் பாரு" என்கிறார் மாமனார்.

மாமனார் சொல்வதில் பாதி நியாயம். ஆனால் இந்தத் தளத்தில் வண்ண மீன் கடைகள் நிறைந்த நம் சென்னைக் கொளத்தூர் என்றாலே கிண்டலுக்கு ஓர் உதாரணமாக ஆகிவிட்டது. நாட்டில் பாதிப் பேர் வீட்டு வரவேற்பறையில் நீந்துகிற மீன் எங்கிருந்து போகிறது என்று யோசிக்காதவர்கள்தான் அப்படிப் பேசுகிறார்கள். அது கிடக்கட்டும்.

இரண்டுக்கும் போங்கள். முதலில் கொளத்தூர், அப்புறம் அந்தக் காட்சியகம் இருக்கிற செந்தோசா தீவு. இந்த வரிசை மாறினால் காசு வீண்.

பெரிய காட்சியகத்துக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை ஒரு நடைபாதையாகத்தான் கடக்கிறார்கள். போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். என்ன பார்த்தீர்கள் என்றால், "குகை மாதிரி ஒண்ணு இருந்துச்சு, தலைக்கு மேல சுறா போச்சு". அவ்வளவுதான். எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குப் பழக்கமில்லை, அதுதான் காரணம். அந்தப் பழக்கம் கொளத்தூரில் செலவில்லாமல் கிடைக்கும்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடையில் நுழைந்ததும் "சும்மா பாத்துட்டுப் போறோம்ணா" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். நாலைந்து விஷயங்களை மட்டும் பழகினால் போதும்.

முதலில் வாய். கப்பிக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், நீர்மட்டத்தில் மிதப்பதைத் தின்பதற்கு. சக்கர் மீனுக்கு வாய் வயிற்றுப் பக்கம், தரையில் ஒட்டி மேய்வதற்கு. இதைப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டால், சிங்கப்பூரில் முன்பின் பார்க்காத மீனைக் காட்டினாலும் அது மேலே தின்னுமா அடியில் தின்னுமா என்று தானே சொல்லும்.

அடுத்து வால். பிறை மாதிரி ஆழமாகப் பிளந்த வால் நாளெல்லாம் வேகமாக நீந்துகிற மீனுக்கு. விசிறி மாதிரி வட்டமான வால், ஒரே இடத்தில் நின்று திடீரென்று பாய்கிற மீனுக்கு.

மூன்றாவது மூச்சு. ஃபைட்டர் மீன் இருக்கும் பாட்டிலைப் பத்து நிமிஷம் பாருங்கள். அது மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டு இறங்கும். அதற்கென்று தலைக்குள் தனி உறுப்பு உண்டு, கௌராமி மீனுக்கும் அப்படியே. பக்கத்துத் தொட்டியில் கோல்டு ஃபிஷ் அதே மாதிரி மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டே நின்றால் கதை வேறு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, இல்லையென்றால் அம்மோனியா ஏறிவிட்டது. செய்கை ஒன்று, அர்த்தம் இரண்டு. பெரிய காட்சியகங்களில் அரபைமா என்ற ராட்சத ஆற்று மீனை வைத்திருந்தால் அதுவும் காற்றைக் குடிக்க மேலே வரும். பின்னால் நிற்பவர் "ஐயோ, மீனுக்கு உடம்பு சரியில்ல போல" என்பார். உங்கள் பிள்ளை சிரிக்கும்.

அப்புறம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். முடிந்தால் விடிவதற்குள் ஒரு நடை போய்விட்டு வாருங்கள், அசைவம் சாப்பிடாதவர்கள் என்றாலும் கண்ணால் பார்ப்பதில் தப்பில்லை. சிங்கப்பூர்த் தொட்டியில் குரூப்பர், ட்ரெவலி, பாரகுடா, மோரே என்று பலகையில் படிக்கப் போவதெல்லாம் இங்கே கலவா, பாறை, சீலா, அஞ்சாலை. திருக்கையும் உழுவையும் ஏலத் தரையில் கிடக்கும். அந்தத் திருக்கையைப் புரட்டிப் பார்த்தால் வெள்ளை வயிற்றில் வாய், அதற்குப் பின்னால் இரண்டு வரிசைச் செவுள் பிளவு, முன்னால் இரண்டு மூக்குத் துளை. பிள்ளைகள் அந்த மூக்குத் துளைகளைக் கண் என்று நினைத்துக்கொள்வார்கள். கண் மேல்பக்கம் இருக்கிறது. இதை இங்கேயே காட்டிவிடுங்கள், அங்கே கண்ணாடியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு திருக்கை ஏறும்போது "சிரிக்குது பாரு" என்று சொல்லாமல் இருப்பார்கள்.

இப்போது சிங்கப்பூர். 2012இல் செந்தோசாவில் திறந்த எஸ்இஏ அக்வேரியம்தான் விரிவாகி, 2025 ஜூலையிலிருந்து சிங்கப்பூர் ஓஷனேரியம் என்று இயங்குகிறது. பழைய வீடியோக்களைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள், உள்ளே பாதை மாறிவிட்டது. லிட்டில் இந்தியாவில் தங்கினால் அங்கேயே நார்த் ஈஸ்ட் லைன் மெட்ரோவில் ஏறி, வண்டி மாறாமல் கடைசி நிறுத்தமான ஹார்பர்ஃபிரன்டில் இறங்கலாம். அங்கிருந்து விவோசிட்டி மாலின் மூன்றாவது மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். காசு மிச்சம் பண்ண நினைத்தால் போர்டுவாக் என்ற நடைபாதை வழியாக நடந்தே தீவுக்குள் போகலாம், ஆனால் 5 வயதுக்காரரை அங்கேயே சோர்வாக்கிவிட்டால் உள்ளே தூக்கிக்கொண்டுதான் திரிய வேண்டும். டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும், அவர்களுடைய சொந்தத் தளத்திலேயே பாருங்கள். வார நாளில் திறந்தவுடன் முதல் ஆளாக உள்ளே போங்கள். ஜூன் மாதமும் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியவும் அங்கே பள்ளி விடுமுறை, கூட்டம் நெரியும். நம் மே விடுமுறை அந்த வகையில் வசதி.

உள்ளே நுழைந்ததும் முதல் தொட்டியிலேயே கூட்டம் தேங்கும். எல்லாரும் வந்த உற்சாகத்தில் அங்கேயே அரை மணி நேரம் நிற்பார்கள். நீங்கள் அதைத் தாண்டி நேராகப் பெரிய தொட்டிக்குப் போய்விடுங்கள், திரும்பிவர விடுவார்களா என்று வாசலில் கேட்டுக்கொண்டு.

அந்தப் பெரிய தொட்டிக்காகத்தான் காசு. பார்க்கும் சுவர் 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம், 70 சென்டிமீட்டர் தடிமன். கொளத்தூரில் நாலடித் தொட்டிக்கு 10 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டாலே தூக்க இரண்டு பேர் வேண்டும். எட்டு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் கிட்டத்தட்ட எட்டு டன் அழுத்துகிறது, அதனால்தான் அந்தத் தடிமன். அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். அவ்வளவு தடிமனில் சாதாரணக் கண்ணாடி போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் பச்சையாகத் தெரியும். அக்ரிலிக்கின் குறை, சுலபமாகக் கீறல் விழும். பிள்ளைகள் கையில் சாவியோ, அம்மாக்கள் கையில் வளையலோ சுவரில் உரசக் கூடாது என்பது அதற்குத்தான்.

நடுவில் நிற்காதீர்கள். சுவரின் ஒரு மூலையில் தரையில் உட்காருங்கள். பெரிய மீன்கள் தொட்டியைச் சுற்றி வட்டமடிக்கும், திரும்புகிற இடம் மூலைதான், அங்கே கைக்கெட்டும் தூரத்தில் வரும். உட்கார்ந்த பிறகு நேர் எதிரே மட்டும் பாருங்கள். சாய்வாகப் பார்த்தால் 70 சென்டிமீட்டர் அக்ரிலிக் வழியாக உருவம் நசுங்கி, ஓரத்தில் வானவில் மாதிரி நிறம் பிரியும். தட்டையான சுவரில் நாலு மீட்டர் தள்ளியிருக்கும் மீன் மூன்று மீட்டரில் இருப்பதாகவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். வளைந்த குகைக்குள் போனால் இந்தப் பெருக்கம் இருக்காது, அதே சுறா சின்னதாகத் தெரியும். அளவை வைத்துப் பிள்ளைகள் சண்டை போடும்போது இது உதவும்.

இருபது நிமிஷம். கடிகாரம் பார்த்து இருபது நிமிஷம் அங்கே உட்காருங்கள். முதல் ஐந்து நிமிஷம் எல்லாம் ஒரே குழப்பமாக ஓடும். அப்புறம்தான் ஒழுங்கு புலப்படும். பிறைவால் பாறை மீன் கூட்டம் மேலே சுற்றிக்கொண்டே இருக்கும், வட்டவால் கலவா அடியில் ஒரு கல்லை ஒட்டி அசையாமல் நிற்கும். கொம்புத் திருக்கை, அதாவது மேன்டா, இறக்கையை அடித்துக்கொண்டு நிற்காமல் போகும். மணலில் படுத்திருக்கும் திருக்கை கிடைத்தால் அதிர்ஷ்டம். அதன் கண்ணுக்குப் பின்னால் ஓர் ஓட்டை, மூடித் திறந்து மூடித் திறந்து கொண்டிருக்கும். வாய் மணலுக்கு அடியில் இருப்பதால் மேலேயுள்ள அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரை இழுத்து, அடியிலுள்ள செவுள் வழியாக விடுகிறது. செத்துப்போனது என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். அந்த ஓட்டையைக் காட்டுங்கள்.

சின்னத் தொட்டிகளில் மூன்று நாலு வகைக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். எந்தப் பெரிய காட்சியகத்திலும் இவற்றில் சில இருக்கும். அனிமோன் என்ற, பூ மாதிரி இருக்கும் கடல் உயிருக்குள் கோமாளி மீன்கள் கூட்டமாக இருந்தால் அதில் பெரியதுதான் பெண், அடுத்த பெரியது ஆண். பெண் செத்தால் அந்த ஆண் பெண்ணாக மாறிவிடும். அஞ்சாலை வாயைத் திறந்து மூடுவது கடிக்க வருவதற்கில்லை, மூச்சு விடுகிறது. மணலில் செடி மாதிரி நிற்கிற கார்டன் ஈல், நீங்கள் வேகமாகக் கிட்டப் போனால் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு நிமிஷம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக மறுபடி எழும். சொறி மீன்களை, அதாவது ஜெல்லி ஃபிஷ்களை, வட்டத் தொட்டியில் வைத்திருப்பார்கள். மூலையுள்ள தொட்டியில் போட்டால் மூலையில் ஒட்டிக் கிழிந்துவிடும், அதனால் தண்ணீரைச் சுழல விட்டு நடுவிலேயே நிறுத்துகிறார்கள். மற்றதையெல்லாம் நடந்தபடி பார்த்தால் போதும்.

போட்டோ: ஃபிளாஷ் கூடாது. மீனுக்கும் தொந்தரவு, படத்திலும் வெள்ளைப் பொட்டு மட்டும்தான் விழும். கறுப்புச் சட்டை போட்டுப் போங்கள், வெள்ளைச் சட்டை என்றால் மீனுக்குப் பதில் உங்கள் தொப்பைதான் சுவரில் பிரதிபலிக்கும். போன் லென்ஸைச் சுவருக்கு நேராக, முடிந்தவரை ஒட்டிப் பிடியுங்கள். நைட் மோடை அணைத்துவிடுங்கள், அது மெதுவாகப் பிடிப்பதால் நீந்துகிற மீன் எல்லாம் கோடாகிவிடும். திரையில் மீனை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டுக் கொஞ்சம் குறையுங்கள். ப்ரோ மோடு இருந்தால் ஷட்டர் 1/125, வேகமான மீனுக்கு 1/250, ஐஎஸ்ஓ 1600இல் ஆரம்பியுங்கள். வீடியோவில் பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

தொட்டுப் பார்க்கும் குளம் இருந்தால் கையைத் தண்ணீரில் மட்டும் கழுவிவிட்டு வாருங்கள், சானிடைசர் வேண்டவே வேண்டாம். இரண்டு விரலால் தடவுவதோடு சரி. நட்சத்திர மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் படம் எடுப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

கடல் உயிர்களை அடைத்து வைப்பதே தப்பு என்று கீழே யாராவது எழுதுவார்கள். டால்பினைக் குட்டிக்கரணம் போட வைப்பதை யாரும் இங்கே ஆதரிக்கவில்லை. ஆனால் கலவாவைக் குழம்பில் மட்டுமே பார்த்த பிள்ளை அதன் கண்ணை உயிரோடு பார்ப்பது தப்பு என்றால், அந்த வாதத்தைக் காசிமேட்டிலிருந்து ஆரம்பியுங்கள். கண்ணாடியைத் தட்டுகிறவர்களோடு மட்டும் சமரசமே கிடையாது. அந்த அதிர்வு மீனின் உடம்பு பூராவும் விழும், அதன் விலாவில் ஓடும் உணர்கோடு அதற்கென்றே இருக்கிறது.

தட்டுகிறவர்கள் என்றதும் இன்னொரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. ஞாயிறு கொளத்தூர்க் கடையில் மீன் வாங்குவார்கள். அடுத்த ஞாயிறு வந்து "உங்க கடை மீன் செத்துப்போச்சு" என்பார்கள். என்ன செய்தீர்கள் என்றால், தொட்டி அழுக்காக இருந்ததால் முழுத் தண்ணீரையும் கொட்டி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் துவைத்து, லாரித் தண்ணீரை நேராக ஊற்றினார்களாம். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. அது படிந்து நிற்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதைச் சோப்பும் குளோரினும் ஒரே காலையில் முடித்துவிடுகின்றன. வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், மாற்றும் தண்ணீரில் ஆன்டி குளோரின் விடுங்கள், எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை அலசுங்கள். செந்தோசாவின் பெரிய தொட்டிக்கும் இதே பாக்டீரியாதான் வேலை செய்கிறது, அங்கே அதற்கு ஆள் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். பழி மட்டும் கடைக்காரனுக்கு.

சிங்கப்பூர் இந்த வருஷம் தள்ளிப்போனால் ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி மரைன் கிங்டம் இருக்கிறது, குகையும் உண்டு. மேலே சொன்ன வாய், வால், மூச்சு எல்லாம் அங்கேயும் செல்லும். 1909இலேயே மெரினாவில் மீன் காட்சியகம் திறந்த ஊர் இது. இரண்டாம் உலகப் போரின்போது அதை மூடினார்கள். அதனால் "நமக்கெதுக்கு இதெல்லாம்" என்று மாமனார் இனிச் சொன்னால் அந்த 1909ஐச் சொல்லுங்கள்.

எழுத மறந்தது: உள்ளே ஏசி நன்றாகக் குளிரும், சின்னவருக்கு ஒரு ஸ்வெட்டர். கழிவறைக்கு நுழைவதற்கு முன்பே போய்விடுங்கள், பாதி வழியில் அழ ஆரம்பித்தால் அந்த இருபது நிமிஷம் கிடைக்காது. மாமனாருக்கு முட்டி வலி என்றால் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.