லொறியில் எல்லாம் ஒன்றாகத்தான் போகிறது, பிறகு வீட்டில் குப்பையைப் பிரித்து என்ன பயன்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பணக்கார நாடுகள் தங்கள் கழிவை நம் தலையில் கட்டும்போது, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு பிரித்து வைப்பதால் என்ன ஆகிவிடும் என்பது ஒன்று. பிரிப்பதென்றால், முற்றம் இல்லாத இடத்தில் எப்படி என்பது மற்றது.

பயன் உண்டு. சமையலறைக் கழிவை மட்டும் தனியே எடுத்துவிட்டாலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும்.

வெளிநாட்டுக் கழிவு பற்றிய கோபம் நியாயமானது. 2017க்கும் 2019க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்கள் கொழும்புக்கு வந்தன. மீள்சுழற்சிக்கான பழைய மெத்தை, கம்பளம் என்று சொல்லி அனுப்பியவற்றுக்குள் மருத்துவமனைக் கழிவும் இருந்தது. நீதிமன்றம் வரை போன பிறகுதான் அவை திரும்பின. கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் கப்பலேறியது. இப்படிப்பட்ட வேலையைத் தடுக்கத்தான் 1989இல் பாசல் உடன்படிக்கை வந்தது. 2021 ஜனவரியிலிருந்து அழுக்கான, கலப்பான பிளாஸ்டிக்கையும் பெறும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது.

ஆனால் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பைமேட்டிலிருந்து வீடுகள் மேல் சரிந்தது கப்பலில் வந்த குப்பை அல்ல. நம் வீடுகளும் கடைகளும் சந்தைகளும் அனுப்பிய குப்பை. சதுப்பு நிலத்தின் மேல் ஏறத்தாழ 48 மீற்றர் உயரத்துக்குக் குவிந்திருந்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். பிலிப்பைன்ஸ் மணிலாவின் பயட்டாஸ் மேடு 2000இலும், இந்தோனேசியாவின் பண்டுங் நகரின் லுவிகஜா மேடு 2005இலும், உகண்டா கம்பாலாவின் கிட்டேசி மேடு 2024இலும் கனமழையை அடுத்து இப்படியே சரிந்தன. நாடு வேறு, மொழி வேறு. குவிந்திருந்தது ஒரே மாதிரியான ஈரக் குப்பை.

இந்த ஈரம்தான் எல்லாவற்றுக்கும் வேர். பணக்கார நாடுகளின் குப்பையில் உணவும் இலைதழையும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். நம்முடையதில் பாதிக்கு மேல். மேட்டுக்குள் போகும் ஈரக் கழிவு காற்றில்லாமல் அழுகி மீதேன் வாயுவையும் கறுப்பு நீரையும் விடுகிறது. அந்த நீர் மேட்டைக் கனமாக்கும், உள்ளே வழுக்கலாக்கும், கடைசியில் கால்வாயில் கலக்கும். எரிக்கலாமே என்றால், எண்ணெய் ஊற்றாமல் தானாக எரிய ஒரு கிலோ குப்பையில் ஏறத்தாழ 7 மெகாஜூல் வெப்பம் இருக்க வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே 2.3 மெகாஜூல் போய்விடும். கெரவலப்பிட்டியவில் 2021இல் இயங்கத் தொடங்கியது போன்ற, குப்பையை எரிக்கும் மின் நிலையங்களுக்கு எதிரி இந்தத் தண்ணீர்தான். பிளாஸ்டிக்கையும் கடதாசியையும் கெடுப்பதும் அதுவே. பருப்புக்கறி ஊறிய கார்ட்போட்டை எந்தப் பழைய பேப்பர்காரரும் எடுக்க மாட்டார்.

ஆகவே லொறி எல்லாவற்றையும் கலந்துகொண்டு போனாலும் பரவாயில்லை. கீழே சொல்லும் பரலில், உங்கள் பல்கனியிலேயே உக்கிய கழிவு அந்த லொறியில் ஏறவே இல்லை. நாள் ஒதுக்கி, ஒரு நாள் உக்கும் குப்பை, இன்னொரு நாள் உக்காதது என்று எடுக்கும் பகுதிகளில் ஒரே லொறியே போதும். அந்த நாட்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உலர் கழிவு சுலபம். போத்தல், பால் பக்கற், யோகட் கப் ஆகியவற்றை ஒரு தடவை அலசிக் கவிழ்த்து வையுங்கள். காய்ந்த பேப்பர், கார்ட்போட், அலுமினிய டின், அடியில் 1 அல்லது 2 என்று முக்கோணத்துக்குள் எண் போட்ட பிளாஸ்டிக் ஆகியவற்றை வாங்க ஆள் இருக்கிறது. பிஸ்கட் உறை, ஷம்பூ பக்கற் போன்ற பல அடுக்கு உறைகளை வாங்குவார் இல்லை. அவற்றைத் தனிப் பையில் காயவைத்துக் கொடுத்துவிடுங்கள். எரிக்க மட்டும் வேண்டாம். 2017 செப்டெம்பர் முதல் பிளாஸ்டிக்கை வெளியில் எரிப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம், அந்தப் புகை முதலில் போவதும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குத்தான்.

இனி ஈரக் கழிவு. நான்கு பேர் இருக்கும் வீட்டில் நாளொன்றுக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ சேரும். 20 லீற்றர் பெயின்ட் வாளி ஒரு வாரத்தில் நிரம்பிவிடும், பலரும் அதோடு கைவிட்டுவிடுகிறார்கள். மூடியுள்ள 60 லீற்றர் பிளாஸ்டிக் பரல் இரண்டு எடுங்கள். பக்கமெல்லாம் ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக 10 மில்லிமீற்றர் துளைகள், அடியில் எட்டுப் பத்துத் துளைகள். இரண்டு செங்கல் மேல் வைத்து, கீழே ஒரு தட்டு.

அடியில் பிய்த்த பொச்சை நான்கு விரல் உயரத்துக்குப் போடுங்கள். அதன் மேல் ஒரு கை பழைய பசளை அல்லது தோட்டத்து மண். பிறகு தினமும் கழிவு ஒரு கிண்ணம் போட்டால், உலர்ந்தது இரண்டு கிண்ணம். உலர்ந்தது என்றால் காய்ந்த இலை, கிழித்த கார்ட்போட், தும்புத்தூள். தும்புத்தூள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் தானாக உக்கச் சுணங்கும், அதனால் இலையோடு கலந்து போடுங்கள். மேல்படை எப்போதும் உலர்ந்ததாகவே இருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை தடியால் அடிவரை கிளறுங்கள். போடப் போட அமிழ்வதால் ஒரு பரல் நிரம்ப ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். நிரம்பியதும் அதை மூடி வைத்து மற்றதில் தொடங்குங்கள். அதுவும் நிரம்பிவிட்டால், முதலாவதில் உள்ளதைக் காற்றுப் போகும் சாக்குக்கு மாற்றி உக்க விடுங்கள்.

மரக்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டைக்கோது, கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் போகலாம். தேங்காய்ப்பூச் சக்கையை நன்றாகப் பிழிந்து உதிர்த்துப் போடுங்கள். உருண்டையாக விழுந்தால் உள்ளே புளித்து நாறும். மீன் செதிளும் குடலும் பரலுக்கு வேண்டாம், எலி வரும். பேப்பரில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, லொறி வரும் நாளில் எடுத்துக் கொடுங்கள். சிரட்டை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். செவ்விளநீர்க் கோம்பையை முழுதாக வெளியே போட்டால் மழைநீர் நின்று டெங்கு நுளம்பு முட்டையிடும், பிளந்து கவிழ்த்துப் போடுங்கள்.

நுளம்பு என்றதும் சொல்ல வேண்டியது: பரலின் கீழே உள்ள தட்டு. அதில் வடியும் நீரை மூன்று நாளுக்கு ஒரு முறையாவது ஊற்றிவிட வேண்டும். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் தேங்காதபடி தட்டில் தும்புத்தூளைப் பரப்பி வைத்தால் இன்னும் நல்லது. ஊறியதும் அதையே பரலுக்குள் போட்டுவிடலாம்.

கெட்டுப்போகும் விதங்களும் அநேகமாக ஒரே மாதிரியானவைதான். கூழ்முட்டை நாற்றம் வந்தால் தண்ணீர் அதிகம், காற்றுப் போதாது. உலர்ந்தது சேர்த்துக் கிளறுங்கள், இரண்டு நாளில் அடங்கும். மூக்கில் ஏறும் காரநெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம், கார்ட்போட் சேருங்கள். எறும்பு கட்டினால் உள்ளே காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தடித்த, மண்ணிறப் புழுக்களைக் கண்டு பயந்து மருந்து அடிக்காதீர்கள். பெரும்பாலும் அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள், கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்னும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு துளி கசிந்தால் சரி. ஒழுகினால் அதிகம்.

இந்த அளவு பரல் பெரிதாகச் சூடேறாது. ஒரு மீற்றர் உயரக் குவியலில் 55 பாகை செல்சியஸைத் தாண்டும் வெப்பம் விதைகளைக் கொன்றுவிடும். பரலில் அவை தப்பிவிடும். தக்காளியும் பூசணியும் தாமாக முளைத்தால் ஆச்சரியப்படாதீர்கள், பிடுங்கிப் போடுங்கள்.

மூடிவைத்து மூன்று மாதம் ஆனதும் ஒரு பிடியை நனைத்துப் போத்தலில் அடைத்து மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண்வாசம் வந்தால் பசளை தயார், ஒரு பங்குக்கு மூன்று பங்கு மண் கலந்து சாடிகளில் போடலாம். புளித்த வாசம் வந்தால் இன்னும் மூன்று வாரம் விடுங்கள்.