18 நேர்காணலைச் சதவீதமாக மாற்றலாமா?

கேள்வி: செவிலியர்கள் ஏன் வேலையை விடுகிறார்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. வேலையை விட்ட 18 பேரிடம் விரிவாகப் பேசிப் பதிவு செய்திருக்கிறேன். ‘எண் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை’ என்கிறார் நெறியாளர். இருக்கிற தரவையே புள்ளிவிவரமாக்கித் தருவதாக ஒரு டேட்டா அனாலிசிஸ் மையம் சொல்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ‘எத்தனை பேர்’ என்று கேட்டால் எண்ண வேண்டும்; ‘ஏன், எப்படி’ என்று கேட்டால் உட்கார்ந்து பேச வேண்டும். உங்கள் கேள்வி இரண்டாவது வகை. படிவம் கொடுத்திருந்தால் பலரும் ‘சம்பளம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். நேர்காணலிலும் முதலில் சம்பளம்தான் வரும். கொஞ்சம் பொறுத்தால்தான் இரவுப் பணியில் தனியாக இரண்டு வார்டு பார்த்த கதை வெளியே வரும். அதுதான் உங்கள் தரவு.

அந்த மையம் என்ன செய்யும் தெரியுமா? 18 பேரில் 12 பேர் சொன்னதை ‘67 சதவீதம்’ என்று எழுதும். அந்த 18 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்திருந்தால்கூட உண்மை விகிதம் 44-லிருந்து 84 வரை எங்கும் இருக்கலாம். நீங்களோ தெரிந்தவர் மூலம் தெரிந்தவரைப் பிடித்திருப்பீர்கள். அப்போது அந்தக் கணக்கும் செல்லாது. அடுத்து கை-வர்க்கச் சோதனை (chi-square): இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று ஆட்களைக் கட்டங்களில் பிரித்து எண்ணிப் பார்ப்பது. நான்கு கட்டங்களில் 18 பேரைப் போட்டால் சராசரியாகக் கட்டத்துக்கு 4.5 பேர். எதிர்பார்ப்பு எண்ணிக்கை, அதாவது தொடர்பே இல்லாவிட்டால் ஒரு கட்டத்தில் இருக்க வேண்டிய ஆட்கள், 5-க்குக் கீழே போனால் அந்த முடிவை நம்ப முடியாது என்பது பாலபாடம். சில மையங்கள் ஆளே இல்லாத படிவங்களை நிரப்பி, எல்லா அட்டவணையிலும் p மதிப்பை (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு) 0.05-க்குக் குறைவாக வரவைத்துத் தரும். ‘இந்தச் சோதனை எதற்கு?’ என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கும்போது பதில் சொல்ல அவர்கள் வர மாட்டார்கள்.

நெறியாளரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எந்த ஆய்வானாலும் ‘கருதுகோள்’ (சோதித்துப் பார்க்க முன்கூட்டியே வைக்கும் ஊகம்) என்று ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்லும் படிவத்தை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்! ஆய்வை மதிப்பிடும் குழுவில் உட்காருகிறவர்களுக்கு அட்டவணையைப் புரட்டுவது சுலபம்; பேச்சுப் பதிவை யார் படிப்பது?

எண் வேண்டியே தீரும் என்றால் ஒரு நேர்வழி உண்டு. முதலில் நேர்காணல்களைப் பகுத்து முடியுங்கள். அவர்கள் சொன்ன காரணங்களை அவர்கள் வார்த்தையிலேயே கேள்விகளாக்கி, நாலைந்து பேரிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் புதிய ஆட்களிடம் போங்கள், பழைய 18 பேரிடம் அல்ல. ஒரு சதவீதத்தை 5 புள்ளி முன்பின்னாகச் சொல்ல ஏறக்குறைய 385 பேர் வேண்டும், அதுவும் குலுக்கல் முறையில். 100 பேர் என்றால் பிழை 10 புள்ளி வரை போகும். இது தனி வேலை, தனி அத்தியாயம். நேர்காணல் அத்தியாயத்துக்குள் திணிக்காதீர்கள்.

நேரமில்லையா? 18 பேரோடு ஏன் நிறுத்தினீர்கள், கடைசி நேர்காணல்களில் புதிதாக ஏதாவது வந்ததா என்பதை முறையியல் அத்தியாயத்தில் எழுதி, நெறியாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பதிவுகளை அழிக்காதீர்கள்.