இரவில் ஒளிந்து சாப்பிடுகிறாள், பணமும் எடுக்கிறாள்

கேள்வி: நாங்கள் பாலக்கோட்டில் வசிக்கிறோம். தருமபுரியில் கல்லூரியில் படிக்கும் என் 19 வயது மகள், எடை கூடிவிட்டது என்று பகல் முழுவதும் பட்டினி கிடக்கிறாள். நடு இரவில் பிஸ்கட், மிக்சர், மீந்த களி என அகப்பட்டதையெல்லாம் தின்றுவிட்டு வாந்தி எடுக்கிறாள். அப்பாவின் சட்டைப்பையில் பணம் எடுத்ததும், போனில் துணிகளாக வாங்கிக் குவித்ததும் இப்போதுதான் தெரிந்தது. இது திமிரா, நோயா? சமையலறையைப் பூட்டிவிடலாமா?

பதில்: பூட்ட வேண்டாம், அம்மா. நீங்கள் எழுதியிருப்பவை புலிமியா என்னும் உணவுக் கோளாற்றின் அறிகுறிகளோடு பெரிதும் பொருந்துகின்றன. ஆயினும் நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே அதை உறுதிசெய்ய வேண்டும்.

வருத்தமோ அவமானமோ கோபமோ பொங்கும்போது, விளைவை எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே எதையாவது செய்து அந்தத் தவிப்பிலிருந்து விடுபடத் துடிக்கும் போக்கு, இக்கோளாறு உள்ளவர்களில் பலரிடம் காணப்படுகிறது. அளவின்றி உண்பது, கண்டதையெல்லாம் வாங்குவது, பணத்தை எடுப்பது ஆகியவை வெவ்வேறு குற்றங்களாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் அவை ஒரே தவிப்பின் வெளிப்பாடுகளே. இதில் பட்டினியின் பங்கைப் பலரும் கவனிப்பதில்லை. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், நல்ல உடல்நலமும் மனநலமும் கொண்ட 36 ஆண்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் குறைந்த உணவே கொடுத்து ஆராய்ந்தபோது, எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்த அவர்களில் சிலர் பின்னர் கட்டுப்பாடின்றி உண்டார்கள். அப்படியிருக்க, பகலெல்லாம் வயிற்றைக் காயப்போடும் பெண்ணிடம் இரவில் மன உறுதியை எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆகவே முதல் வேலை, பகல் உணவைத் திரும்பக் கொண்டுவருவது. மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு மூன்று சிறு தீனியும் இருக்கட்டும். இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வீட்டில் எல்லோரும் உண்ணும் களியும் கீரையும் குழம்புமே போதும், தனிச் சமையல் தேவையில்லை. உண்டபின் ஒரு மணி நேரமாவது யாரேனும் பேச்சுத்துணைக்கு உடனிருப்பது நல்லது. எடையைப் பற்றிய பேச்சை வீட்டில் அடியோடு நிறுத்துங்கள். உறவினர்களின் கேலியும் இதில் சேர்த்திதான். பணத்தைப் பத்திரப்படுத்துவது வேறு, சோற்றைப் பூட்டுவது வேறு: முன்னதைச் சத்தமின்றிச் செய்யுங்கள், திருடி என்ற சொல் மட்டும் வர வேண்டாம்.

அடிக்கடி வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறக்கூடும். மயக்கமோ படபடப்போ வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காமல் வாய் கொப்பளித்தால் போதும்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசியே மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்கு பயன்படுகிறது. தேவைப்பட்டால் ஃபுளூஆக்ஸெடின் போன்ற மாத்திரையும் தருவார்கள். வாந்தியை மட்டும் சொல்லிவிட்டுப் பண விஷயத்தை மானம் கருதி மறைத்துவிடாதீர்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று அவளிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவளைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அவள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.