லௌடன் கவுண்டி: முகவரியில் ஓர் ஊர், எல்லையில் வேறு ஊர்

கேள்வி: அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் லௌடன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அப்படி என்ன வேகத்தில் வளர்ந்தது?

பதில்: சென்சஸ் கணக்கில் 1960இல் 24,549 பேர். 1990இல் 86,129, 2000இல் 1,69,599, 2010இல் 3,12,311, 2020இல் 4,20,959. 2000க்கும் 2010க்கும் இடையே 84 சதவீதம், அடுத்த பத்தாண்டில் 35 சதவீதம். சதவீதம் பாதிக்கும் கீழே போனாலும், அந்த இரண்டாவது பத்தாண்டிலும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆள் கூடியிருக்கிறது. பள்ளிக்கூடம், சாலை பற்றிப் பேசும்போது இந்த ஆள் கணக்குதான் முக்கியம்.

கேள்வி: லௌடனில் உள்ள ஆஷ்பர்னின் மக்கள்தொகை ஓரிடத்தில் 46 ஆயிரம், இன்னோரிடத்தில் அதைவிட மிக அதிகம். எது சரி?

பதில்: இரண்டும் சரி. ஆஷ்பர்ன் நகராட்சி கிடையாது. மேயரும் இல்லை, நகர எல்லையும் இல்லை. சென்சஸ் தன் கணக்குக்காக வரைந்த பகுதியில் 2020இல் 46,349 பேர். பக்கத்துக் குடியிருப்புகளான பிராம்பிள்டன், பிராட்லேண்ட்ஸ் அதில் சேராது, தனித்தனிப் பகுதிகள். தபால் முகவரியிலோ அவையும் பெரும்பாலும் ஆஷ்பர்ன் என்றே வரும். அவற்றையும் சேர்த்தால் எண் கூடிவிடும்.

இதைவிடப் பெரிய குழப்பம் சவுத் ரைடிங்கில். முகவரி ‘ஷாண்டிலி’ என்று வரும். ஷாண்டிலி என்றதும் பலர் பக்கத்து ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி என்று நினைத்து அங்கே பள்ளி தேடுகிறார்கள். ஆனால் சவுத் ரைடிங் லௌடனில் இருக்கிறது. வீடு பார்க்கும்போது ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். கவுண்டியின் நில வரைபடத்தில் முழு முகவரியைப் போட்டு மூன்றைப் பாருங்கள்: எந்தக் கவுண்டி, டவுன் (தனி நகராட்சி உள்ள ஊர்) எல்லைக்குள்ளா வெளியிலா, எந்தப் பள்ளி வட்டம். டவுனுக்குள் என்றால் கவுண்டி வரியோடு டவுன் வரியும் உண்டு. லௌடனில் டவுன்கள் ஏழுதான்: லீஸ்பர்க், பர்செல்வில், ஹாமில்டன், ஹில்ஸ்பரோ, லவட்ஸ்வில், மிடில்பர்க், ரவுண்ட் ஹில்.

கேள்வி: மக்கள் நெருக்கம் எவ்வளவு?

பதில்: நிலப்பரப்பு சுமார் 516 சதுர மைல். வகுத்தால் சதுர மைலுக்கு 816 பேர் வரும். அந்தச் சராசரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கிழக்கே டல்லஸ் (Dulles) விமான நிலையத்தை ஒட்டி வீடுகள் நெருக்கமாக இருக்கும். மேற்கே ப்ளூ ரிட்ஜ் மலை வரை பண்ணையும் குதிரை மேய்ச்சலும்தான். மேற்கில் வீடுகளை நெருக்கிக் கட்டவிடாமல் நில விதிகளே தடுக்கின்றன.

கேள்வி: வாஷிங்டன் மெட்ரோ ரயிலின் சில்வர் லைன் தடத்தில் லௌடன் கேட்வே ஸ்டேஷனைச் சுற்றி ஏன் குடியிருப்பே இல்லை?

பதில்: விமானச் சத்தம். ஓடுபாதைக்கு அருகே சத்த அளவு அதிகமுள்ள பகுதியில் குடியிருப்புக்கு அனுமதி இல்லை. 2022 நவம்பரில் ரயில் வந்தும் அது மாறவில்லை. வீடுகள் அடுத்த நிறுத்தமான ஆஷ்பர்னைச் சுற்றித்தான் வந்தன.

கேள்வி: லீஸ்பர்க்குக்கு வடக்கே, 15ஆம் எண் சாலைப் பக்கம், கிணற்றுத் தண்ணீர் உள்ள வீடு வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அதைக் கரைத்துப் பொந்தாக்கும். மேலே மண் திடீரென உள்வாங்கும். மேல்தண்ணீர் வடிகட்டப்படாமல் நேரே கிணற்றில் இறங்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் கையெழுத்துக்கு முன் கிணற்றின் ஊற்றளவையும், தண்ணீரில் பாக்டீரியா, நைட்ரேட் இரண்டையும் சோதியுங்கள். செப்டிக் டேங்க் அனுமதிச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை படுக்கையறைக்கு அனுமதி என்று இருக்கும். விளம்பரத்தில் ஐந்து, சீட்டில் மூன்று என்றால் டேங்கும், அதன் கழிவுநீர் மண்ணில் வடியும் நிலமும் மூன்றுக்குத்தான் தாங்கும்.