ஒரு நாளில் நாக்கு எங்கே கிடக்கிறது? மெல்லுதல், விழுங்குதல் பற்றிச் சில கேள்விகள்

மகளுக்கு ஒன்பது வயது. விழுங்கும்போதெல்லாம் முன்பற்களுக்கு நடுவே நாக்கு எட்டிப் பார்க்கிறது. கிளிப் போட்டால் போதுமா?

கிளிப் பல்லை நகர்த்தும், நாக்குக்குப் பாடம் சொல்லாது. கைக்குழந்தைகள் எல்லோருமே நாக்கை முன்னால் தள்ளித்தான் விழுங்குகிறார்கள், பள்ளிக்குப் போகிற வயதில் பெரும்பாலானோருக்கு அது தானாக மாறிவிடும், சிலருக்குத்தான் அப்படியே தங்கிவிடுகிறது. ஆனால் விழுங்குவதைவிட எனக்குக் கவலை மீதி நேரத்தைப் பற்றி. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை விழுங்கினாலும் ஒவ்வொன்றும் ஓரிரு வினாடிதான், எல்லாம் சேர்த்தால் சில நிமிடங்கள். பல் நகர லேசான அழுத்தமே போதும், ஆனால் அது மணிக்கணக்கில் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது நாக்கு பற்களுக்கு இடையே கிடந்தால் அந்த அழுத்தம் கிடைத்துவிடுகிறது.

அதனால் நாக்குக்கான பயிற்சி தொடங்குவதே ஓய்விலிருந்துதான். 'ல' என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், நுனி படுகிற இடம்தான் அதன் வீடு. ('ந' சொன்னால் பல்லில் படும், அது வேண்டாம்.) உதடு மூடி, மூச்சு மூக்கு வழியாக. இது பழகிய பிறகுதான் எச்சில், தண்ணீர், அப்புறம் உணவு என்று விழுங்கும் பயிற்சி. விரல் சூப்பும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்தியாக வேண்டும்.

பையன் எப்போதும் வாயைத் திறந்தே வைத்திருக்கிறான். உதட்டுப் பயிற்சி சொல்லுங்களேன்?

சொல்ல மாட்டேன், இப்போதைக்கு. அடினாய்டோ (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) ஒவ்வாமையோ மூக்கை அடைத்திருக்கும்போது வாயை மூடச் சொல்வது கொடுமை. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குத் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, கெட்டியான உணவு பரவாயில்லை. வீடியோ பார்த்து வீட்டிலேயே பயிற்சி கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் வேகமாக ஓடுவது, மூச்சுக்குழாய் மூடுவதற்குள் தொண்டைக்கு வந்துவிடுகிறது, அதனால் உங்கள் அப்பாவுக்கு நடப்பதில் வியப்பில்லை. இருமல் வருவதாவது ஓர் எச்சரிக்கை. சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் முடிகிறது. பேரியம் (எக்ஸ்ரேயில் தெரியும் பொருள்) கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தாலோ, மூக்கு வழியாகக் குழாய் கேமரா விட்டாலோதான் எந்த இடத்தில் பிசகுகிறது என்று தெரியும். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்குவது பலருக்கு உதவும், எல்லோருக்கும் அல்ல. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கி 60 வினாடி நிறுத்தும் பயிற்சியும் நல்லதுதான், ஆனால் கழுத்தில் பிரச்சினை இருப்பவர் செய்யக் கூடாது. தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடியையும் நீங்களாக வாங்கிக் கலக்காதீர்கள், எவ்வளவு கெட்டி என்பதைப் பரிசோதித்தவர் சொல்லட்டும். காய்ச்சலோ, சாப்பிட்ட பின் குரல் தண்ணீர் கலந்த மாதிரியோ ஆனால் அன்றைக்கே மருத்துவமனை.

எனக்கு ஒரு பக்கமாகவே மெல்லும் பழக்கம்.

பழக்கமா, இல்லை மறுபக்கம் சொத்தைப் பல்லா? பெரும்பாலும் இரண்டாவதுதான். பல் மருத்துவர் ஒன்றுமில்லை என்றால், தாடை மூட்டில் சத்தமோ வலியோ உண்டா என்று பார்த்துவிட்டு, கண்ணாடி முன் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்று பழகலாம்.

குறட்டைக்கு இந்த நாக்குப் பயிற்சி உதவுமாமே?

தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறில் ஓரளவு பலன் உண்டு. 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பெரியவர்களிடம் மூச்சுத் தடங்கல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அதற்காக மருத்துவர் கொடுத்த சிபேப் இயந்திரத்தை (தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தருவது) கழற்றி வைத்துவிடாதீர்கள்.

எத்தனை நாளில் சரியாகும்?

நாள் கணக்கில்லை, மாதக் கணக்கு. தினமும் சில நிமிடம், இரண்டு மூன்று தடவை. விழித்திருக்கும்போது சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், தூக்கத்தில் நாக்கு மேலே தங்குவதுதான் கடைசியாக வரும்.