வாசகர் கேள்வி – பதில்: துரை பங்களாவில் பால் மங்குகள்

கேள்வி: ஐயா, எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் பழைய துரை பங்களா ஒன்றை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அண்மையில் ஓர் ஓவியர் அதன் சாப்பாட்டு மேசைக்கு மேலே, உத்தரத்திலிருந்து ரப்பர் பால் பிடிக்கும் ஏராளமான மங்குகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். தோள் கம்பில் தொங்கும் காண்டா வாளி சுமந்த ஒரு பெண் முன்வாசல் வழியாக நுழைந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், ஒவ்வொரு மங்கிலும் இருந்த பாலை வாளியில் ஊற்றி, விரலால் வழித்தபடியே சென்றார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய என் அம்மா அழுதுவிட்டார். அண்ணனோ, பழைய வீட்டைப் பாழாக்கும் வேலை என்கிறார். இதைக் கலை என்று ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். ஒருவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாகும்போது அவருடைய கட்டிலும் பீங்கான் தட்டும் உருவப்படமும் தாமாகவே காட்சிப்பொருளாகிவிடுகின்றன. அந்தத் தட்டைக் கழுவியவரும், அந்த வீட்டின் செலவுக்கெல்லாம் விடியலில் பால் வெட்டியவரும் அங்கே எதையும் விட்டுச் செல்லாததால், அவர்களுக்கு ஒரு மூலைகூடக் கிடைப்பதில்லை. பத்து காஜாவின் பழைய மாளிகையான கெல்லிஸ் காசலுக்குப் போகிறவர்கள், 1926இல் லிஸ்பனில் இறந்த அதன் உரிமையாளர், ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித்தைப் பற்றியும் சுரங்கப்பாதை, பேய்க்கதைகளைப் பற்றியும் கேட்கிறார்களே தவிர, அதைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றிக் கேட்பவர் குறைவு. இந்த வெற்றிடத்தைத்தான் உங்கள் ஊர் ஓவியர் நிரப்பியிருக்கிறார்.

இதற்கு வலுவான முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோரில், மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தில் 1992இல் கலைஞர் பிரெட் வில்சன், கழகத்தின் சேகரிப்பிலிருந்தே பொருள்களை எடுத்து, ‘உலோக வேலைப்பாடு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் வேலைப்பாடு மிக்க வெள்ளிக் கிண்ணங்களோடு அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கையும் வைத்தார். வெள்ளியை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதை விளக்க அதற்குமேல் ஒரு வரியும் தேவைப்படவில்லை. லண்டனில் உளப்பகுப்பாய்வு மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு வாழ்ந்த வீட்டில் 1999இல் பிரெஞ்சுக் கலைஞர் சோஃபி கால் தம் திருமண உடையை பிராய்டின் புகழ்பெற்ற சாய்வுக் கட்டிலின்மேல் கிடத்தினார். அதில் படுத்துத் தம் துயரங்களைச் சொன்ன நோயாளிகளின் நினைவு அந்த ஓர் உடையாலேயே அறைக்குள் வந்துவிட்டது.

உங்கள் பங்களாவில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது, அந்தப் பெண் முன்வாசல் வழியாக நுழைந்ததுதான். விடியலில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற கால்கள் அந்த முன்படியை மிதித்ததில்லை. மங்குகள் மட்டும் தொங்கியிருந்தால் அது கண்ணுக்கு இனிய அலங்காரமாகவே முடிந்திருக்கும். வழிக்கும் விரலின் அசைவைத் தம் கையாலேயே அறிந்தவர் உங்கள் அம்மா. அவருடைய கண்ணீரை எந்த விமர்சகரின் கருத்துக்கும் மேலாகவே மதிக்கிறேன்.

அண்ணனின் கவலையையும் தள்ளிவிட வேண்டாம். பழைய உத்தரத்தில் கரையான் அரித்திருக்கலாம். ஆகவே மங்குகளைத் தனியாக நிற்கும் சட்டகத்தில் தொங்கவிடுவதே முறை. உண்மையான ரப்பர் பால் மரத்தரையில் சிந்தினால் உறைந்து, கறையும் நாற்றமும் தங்கிவிடும். வெள்ளை நீரே போதும், அதற்கும் தரையில் விரிப்பு வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு வீட்டில் ஓர் ஆணித்துளைகூட மிஞ்சக்கூடாது என்பதை நிர்வாகம் எழுத்திலேயே கேட்டுப் பெறலாம்.

கேள்வி: இத்தகைய நிகழ்த்துகலை முடிந்துவிட்டால் அருங்காட்சியகத்திடம் என்ன மிஞ்சும்?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: அது கலைஞரின் விருப்பத்தைப் பொறுத்தது. கலைஞர் டினோ செகல் போன்றோர் படம்பிடிக்கவும் எழுதிவைக்கவும் சம்மதிப்பதில்லை. வாய்வழியாகவே படைப்பைக் கைமாற்றுகிறார்கள். தோட்டப்புறத்துக்கு அந்த வழி ஒத்துவராது என்பது என் உறுதியான எண்ணம், ஏனெனில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த இடங்களில் பால் வெட்டத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். மங்குகள் தொங்கிய உயரம், நடந்த பாதை, கைவேலையின் வரிசை ஆகியவற்றைக் கலைஞரே எழுதித் தர வேண்டும். பார்த்துவிட்டு வெளியே வரும் முதியவர்களிடம், அவர்கள் எந்தத் தோட்டத்தில் என்ன வேலை செய்தார்கள் என்று அன்றே கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து, அந்தப் பதிவையும் அருங்காட்சியகத்தின் உடைமைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.